பத்துக்கு எத்தனை?

ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை. மயிலாப்பூர் தெப்பக்குளம் ஸ்டாப்பில் கிளம்பிவிட்ட பிங்க் பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்தேன்.

ஐம்பத்திரண்டு வயது. தோளில் பை, கையில் குடை. நுங்கு விற்கும் வண்டியைச் சுற்றி, எதிரே வந்த ஆட்டோவுக்கு வழிவிடாமல், கடைசியில் ஒரே தாவலில் படியில் ஏறிவிட்டேன். கண்டக்டர் முறைத்தார். "இன்னாம்மா, அடுத்த பஸ்ஸே வராதா?" என்றார். மூச்சு வாங்கியது. தலைமுடி கலைந்தது. முட்டி? ஒன்றுமே இல்லை. சின்ன முணுமுணுப்புகூட இல்லை.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா?

அதற்கு இருபது நிமிடம் முன்னால்தான், அதே முட்டியின் வலிக்குப் பத்துக்கு ஆறு என்று என் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி மாடிப்படி இறங்கியிருந்தேன்.

பொய்தான். ஒப்புக்கொள்கிறேன். ஏன் சொன்னேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போவோம். (தைலத்தின் பெயர் எழுதி அனுப்ப நினைக்கும் வாசகர்கள் தயவுசெய்து பேனாவை மூடி வைக்கவும். கதை அங்கே போகவில்லை.)

திருவான்மியூர் கடற்கரையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காலையில் வாலிபால் ஆடுவோம். ஒரு பல் டாக்டர், ஒரு மளிகைக் கடைக்காரர், இரண்டு ஐ.டி. பையன்கள், ரிட்டயர்ட் ஆசாமிகள் சிலர், நான். கல்லூரியிலும் அப்புறம் ஆபீஸ் டீமிலும் ஆடியவள். நெட்டுக்கு மேலே எழும்பி அடிப்பது என் வேலை. இந்த வயதிலும் எழும்புகிறேன். முன்பு எழும்பியதில் பாதிதான்... இருந்தாலும் எழும்புகிறேன்.

சனியும் ஞாயிறும் மட்டும் ஆடுவதுதான் வழக்கம். என் கணவர் கூடவே வந்து, செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு மணலில் படுத்துவிடுவார். ஆட்டத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. முடிந்ததும் "ஜெயிச்சியா?" என்று மட்டும் கேட்பார்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இந்த வாராந்தரப் பத்தியில் முன்பே எழுதிவிட்டேன், மறுபடி வேண்டாம்.

அவர் போன பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஆட்டம் ஆறு நாள் ஆனது. யாரும் காரணம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. காலை ஆறிலிருந்து ஏழரை வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

போன வருஷம் மழைக்காலத்தில் கடற்கரையில் தண்ணீர் நின்றது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சிமெண்ட் கோர்ட்டுக்கு மாறினோம். ஷூவுக்குள் மணல் போகவில்லை, பந்து நன்றாக எழும்பியது, எல்லோருக்கும் குஷி. மழை நின்ற பிறகும் அங்கேயே தங்கிவிட்டோம்.

அங்கேதான் அது ஆரம்பித்தது. முட்டிச் சில்லுக்குக் கீழே, ஒரு விரல் வைத்தால் மறைந்துவிடும் அளவு இடத்தில் ஒரு வலி.

அதன் குணத்தைக் கேளுங்கள். ஆட ஆரம்பிக்கும்போது சுரீர் என்று இருக்கும். பத்து நிமிடம் ஓடிக் குதித்தால் காணாமல் போய்விடும். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் திரும்பி வரும். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது முதல் ஆளாக வந்து நிற்கும். ஆட ஆட மறைகிற வலி ஒரு வலியா என்ன? சரியாகிக்கொண்டு வருகிறது என்றுதான் நினைத்தேன். ஆடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்களாம். நான் ஒன்றும் தனிப் பிறவி இல்லை.

ஆனால் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். மற்றவர்கள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே போய், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் நாலு சுற்று ஓடி, முட்டியைச் சூடாக்கிக்கொண்டு கோர்ட்டுக்குள் நுழைவேன். நொண்டுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் "ரெஸ்ட் எடுங்க மேடம்" என்பார்கள். ரெஸ்ட் என்றால் வீடு. வீடு என்றால்... சரி, விடுங்கள்.

இரண்டு மாதம் இப்படி ஓட்டினேன். அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்கும் இஸ்திரிக்காரருக்கும் மட்டும் தெரியும். இருவரும் பார்த்த மாத்திரத்தில் "ஜவ்வு" என்று முடிவு சொல்லிவிட்டார்கள். இந்த ஊரில் முட்டியைத் தடவினாலே ஜவ்வுதான். நானாக இதை வயசு, தேய்மானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் ஒரு சபாவில் இரண்டு மணி நேரம் கச்சேரி கேட்டுவிட்டு எழுந்தபோது முட்டி என்னோடு எழுந்து வரவில்லை. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைதட்டிக்கொண்டிருந்த பக்கத்து சீட்டுக்காரர், நான் எழுந்து நின்று பாராட்டுகிறேன் என்று நினைத்து அவரும் எழுந்துவிட்டார்.

அப்புறம்தான் மகேஸ்வரியிடம் போனேன்.

வடக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. லிஃப்ட் கிடையாது. முட்டிக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தை மாடியில் வைத்திருக்கிறாரே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஏறினேன். மேலே வாசலில் நின்றுகொண்டு ஒரு பெண் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிதான் மேடம் என் முதல் டெஸ்ட். ஏறும்போது பரவால்ல. இறங்கும்போது எப்படி இறங்குவீங்கன்னு அப்புறம் பாக்கறேன்" என்றார்.

அவர்தான் மகேஸ்வரி. முப்பத்தைந்து வயது இருக்கும். அப்பாவுக்குத் தி.நகரில் ஜவுளிக் கடை. கடையில் புடவையை விரித்துக் காட்டுகிற பொறுமையோடு என் காலை நீட்டி, மடக்கி, திருப்பிப் பார்த்தார். பிறகு காலை நேராக நீட்டச் சொல்லி, முட்டிச் சில்லின் அடிமுனையில் கட்டைவிரலை வைத்து ஒரே ஒரு அழுத்து. நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து ஒரு சரிவான பலகை மேல் ஒற்றைக்காலில் நிற்க வைத்து, மெதுவாக உட்காரச் சொன்னார். பாதியில் அதே இடம், அதே சுரீர்.

"கடைசி ஒண்ணு ரெண்டு வருஷத்துல என்ன மாத்துனீங்க மேடம்? தரையா, ஷூவா, ஆடுற நாளா?"

"தரை. மணல்லேர்ந்து சிமெண்ட்."

"அப்புறம்?"

"நாளும்தான். ரெண்டு நாள் ஆடினது ஆறு நாளாச்சு."

"ஏன்?"

"ஹெல்த்துக்கு" என்றேன். அவர் அதையே எழுதிக்கொண்டார்.

"இது ஜவ்வும் இல்ல, தேய்மானமும் இல்ல. டெண்டன். தொடைத் தசை இழுக்கற இழுப்பை எல்லாம் முட்டிச் சில்லு வழியா கீழ இருக்கற எலும்புக்குக் கொண்டுபோற பட்டை. எம்பிக் குதிக்கறவங்களுக்கு அங்கதான் அடி விழும். வேலையைப் படிப்படியா ஏத்துனா தாங்கும். ஒரேயடியா ஏத்துனா தாங்காது." கொஞ்சம் நிறுத்தி, "சாதாரணமா இருபது, இருபத்தஞ்சு வயசுக்காரங்களுக்குத்தான் இது வரும்" என்றார்.

எனக்குத் தாங்க முடியாத பெருமை. இருபது வயதுக்காரர்களின் வியாதி. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. பையிலிருந்து போனை எடுத்தேன். யாரிடம் சொல்வது என்று யோசித்துவிட்டு உள்ளே வைத்தேன்.

"ஸ்கேன் வேண்டாமா? ஊசி?"

"இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம், விரல் சொல்றதே போதும். ஸ்டீராய்டு ஊசி போட்டா வலி அமுங்கும், ஆனா டெண்டன் பலவீனமாயிடும். ஒருநாள் குதிக்கும்போது அறுந்தாலும் அறுந்துடும். அதுக்காக முழு ரெஸ்ட்டும் எடுக்காதீங்க. சும்மாவே இருந்தா அது இன்னும் நொய்ஞ்சு போயிடும். அதுக்கு வேலை கொடுக்கணும். அளவா, மெதுவா. மூணு நாலு மாசம் ஆகும்."

முதலில் சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்வது போல முக்கால் நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அப்படி ஐந்து தடவை. சில வாரம் கழித்து வெயிட். மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். எவ்வளவு வெயிட் என்பதை முடிவு செய்வது மகேஸ்வரி இல்லை, நான் சொல்கிற எண்.

"பத்துக்கு எத்தனை வலின்னு கேப்பேன். மூணு வரைக்கும் பரவால்ல. மறுநாள் காலையில அது அடங்கியிருக்கணும். அஞ்சைத் தாண்டுனா வெயிட்டைக் குறைக்கணும். தினமும் எட்டு மணிக்கு நானே போன் பண்ணுவேன். எழுந்ததும் எத்தனைன்னு சொல்லுங்க. உங்க நம்பரை வச்சுதான் நான் வேலை பாக்கறேன். அதனால நிஜத்தைச் சொல்லுங்க."

சொன்னேன். முதல் இரண்டு மாதம் நிஜத்தைத்தான் சொன்னேன்.

எட்டு மணி போன் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஏழேமுக்காலுக்கே குளித்துவிட்டுக் காபியோடு உட்கார்ந்துவிடுவேன். "குட்மார்னிங் மேடம், எத்தனை?" என்பார். "ஏழு" என்றால், "ஐயோ... எந்த இடத்துல? நேத்து எங்கயாவது ரொம்ப நேரம் உக்காந்தீங்களா? படி ஏறுனீங்களா? சாயங்காலம் என்ன பண்ணீங்க?" என்று மூன்று நிமிடம் போகும். நான் நேற்று சாயங்காலம் என்ன செய்தேன் என்று கேட்கிற ஒரே ஆள் இந்த நகரத்தில் அவர்தான்.

கோர்ட்டு ஆட்கள்? வாட்ஸ்அப் குரூப்பில் முதல் வாரம் "டேக் கேர் மேடம்", கும்பிடு, பூங்கொத்து எல்லாம் வந்தன. இரண்டாவது வாரம், என் இடத்தில் ஆட அண்ணாநகரிலிருந்து ஒருவர் வருகிறார் என்று தகவல் வந்தது. மூன்றாவது வாரம் பழையபடி பந்துக்குக் காற்று அடிப்பது யார் என்ற சண்டை. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆறு பேர் வேண்டிய ஆட்டத்துக்கு ஆறு பேர் இருந்தால் போதும். ஏழாவது ஆளை யார் தேடுவார்கள்?

வைத்தியம் வேலை செய்தது. அதுதான் சங்கடம். ஏழு ஐந்தாகி, ஐந்து மூன்றாகி, ஒருநாள் "ஒண்ணு" என்றேன். "சூப்பர் மேடம்" என்று வைத்துவிட்டார். எண்ணிப் பார்த்தேன். எட்டு விநாடி. மறுநாள் "பூஜ்யம்". அதற்கு ஆறு விநாடி.

அதற்கு மறுநாள் வாயில் "அஞ்சு" என்று எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. போன் மூன்றரை நிமிடம் போனது.

எண் பெரிதானால் பேச்சு நீளும். ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன். மகேஸ்வரி குழம்பிப்போய் வெயிட்டைக் குறைத்தார். மறுபடி சுவரில் உட்காரச் சொன்னார். நெற்றியைச் சுருக்கி என் ஃபைலைப் புரட்டினார். எனக்குக் குற்றவுணர்ச்சி இருந்தது. ஆனால் திங்கள், புதன், வெள்ளி பத்தரை மணிக்குப் போக எனக்கு ஓர் இடமும் இருந்தது.

அந்தப் பத்தரை மணிக்கு இன்னொருத்தியும் வருவாள். தனம். இருபத்திநாலு வயது. நொச்சிக்குப்பத்துப் பெண். அம்மா ரோட்டோரம் மீன் கடை போடுகிறார். தனம் நிஜமான வாலிபால் ஆட்டக்காரி. கிளப் டீமில் எழும்பி அடிப்பவள், அதே முட்டி, அதே இடம். பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து காலைத் தூக்கி இறக்குவோம். "யக்கா, நீ எந்த பொசிஷன்?" என்று முதல்நாளே கேட்டவள். நான் ஆடுவேன் என்று சொன்னதும் சிரிக்காத ஒரே ஆள்.

தனம் எப்போதும் "ரெண்டு" என்பாள். போனில் என்ன சொல்வாள் என்று தெரியாது, கிளினிக்கில் எப்போது கேட்டாலும் ரெண்டு. பலகை மேல் ஒற்றைக்காலில் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து எழுவாள்.

ஒருநாள் சீக்கிரமே வந்துவிட்டேன். மணி பத்து. தெப்பக்குளத்தைச் சுற்றித் தனம் ஓடிக்கொண்டிருந்தாள். வேர்த்து ஊற்றியது. பூக்கடைகளைத் தாண்டி இன்னொரு சுற்று போனாள். நான் மரத்தடியில் நின்று பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. முட்டியைச் சூடாக்கிக்கொண்டு டெஸ்டுக்குப் போகிறாள். சூடு ஏறினால் வலி மறைந்துவிடும் என்று எங்கள் ஆட்களுக்குத்தானே தெரியும்? அன்று டெஸ்ட் முடிந்து கிளினிக் கதவு சாத்திய பிறகு அவள் படி இறங்கியதையும் பார்த்தேன். நண்டு மாதிரி பக்கவாட்டில், சுவரில் கை வைத்து இறங்கினாள்.

சொல்லலாமா? எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? நானே கள்ள எண் கொடுக்கிறவள்.

இப்போது அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸுக்கு வருகிறேன். கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினால், மூன்றாவது சீட்டில் தனம். கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா ஓட்டம் இது? இப்பத்தான ஆறுன்ன?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மடியில் ஒரு கிட் பை, ஜிப் பாதி திறந்து உள்ளே வாலிபால் ஷூ தெரிந்தது. குதிக்கவே கூடாது என்று மகேஸ்வரி அவளிடம் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது.

"நீ எங்க போற?" என்றேன்.

"சொம்மா."

"சும்மா போறதுக்கு ஷூ எதுக்கு?"

பையை மூடினாள். பஸ் மந்தைவெளி தாண்டியது.

"நிஜமா எத்தனை, தனம்?"

"ஏழு" என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "காலைல எட்டு. பிராக்டிஸ் போய்க்கினுதான் கீறேன். பதினெட்டு நாள்ல செலக்சன் கீது. எடுத்தாங்கன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை. ஏழுன்னு சொன்னா மகேஸக்கா ஆட வுடுமா?"

"வீட்டுல தெரியுமா?"

"வூட்ல ஏழு பேரு கீறோம். ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா, ஆடனது போதும், கல்யாணம் பண்ணிக்கோன்னுவாங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. நல்லா கீற காலுக்கு ஏன் ஆறுன்னு சொல்லிக்கினு கீற?"

அடையாறு பாலம் வந்தது. சொல்லிவிட்டேன்.

"சரியாயிடுச்சுன்னா வர வேண்டாம்னுடுவாங்க. வீட்டுல யாரும் இல்ல தனம்."

அவள் சிரிக்கவில்லை. "ம்" என்றாள். எழுந்து இறங்கும்போது, "யக்கா, சொல்லிடாத. நானும் சொல்ல மாட்டேன்" என்றாள். தலையாட்டினேன்.

மறுநாள் காலை எட்டு மணி. "குட்மார்னிங் மேடம், எத்தனை?"

"பூஜ்யம்" என்றேன். "ஒரு மாசமா பூஜ்யம்தான், மகேஸ்."

அந்தப் பக்கம் ஃபைலைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "உங்களுக்கு ஸ்கேன் எழுதணும்னு நினைச்சுட்டு இருந்தேன் மேடம். என் வைத்தியம்தான் தப்பாப் போச்சோன்னு நேத்துகூட என் டீச்சருக்கு போன் பண்ணிக் கேட்டேன்" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். "ஏன் மேடம்?"

தனத்திடம் சொன்னதையே சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை முழு டெஸ்ட். பலகை, படி, ஒற்றைக்காலில் குதித்துப் போவது, எல்லாம். ஒரு இடத்திலும் வலி இல்லை. "வாரத்துல ரெண்டு நாள் மட்டும் ஆடுங்க. வெயிட்டை வீட்டுலயே தொடருங்க. இனிமே இங்க வர வேண்டாம் மேடம்" என்றார். ஃபைலை மூடி என் கையில் கொடுத்தார். இவ்வளவு நல்ல செய்தியைக் கேட்டு வருத்தப்பட்ட முதல் நோயாளி நானாகத்தான் இருப்பேன்.

பையை மாட்டிக்கொண்டு கதவு வரை வந்துவிட்டேன். பின்னால் மகேஸ்வரியின் குரல்.

"தனம், எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டா? அப்ப இன்னிக்குக் குதிக்க ஆரம்பிக்கலாம். அந்தப் பெட்டி மேல ஏறு. மேல இருந்து குதிச்சு, உடனே மறுபடி எம்பணும்."

திரும்பினேன். தனம் முட்டி உயரப் பெட்டி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் தெப்பக்குளம் சுற்றிய வேர்வை. என்னைப் பார்க்கவில்லை.

"ஏழு" என்றேன்.

மகேஸ்வரி திரும்பினார். "உங்களுக்கா?"

"எனக்கு இல்ல."

தனம் பெட்டியிலிருந்து இறங்கினாள். குதிக்கவில்லை, வலிக்கிற காலை முதலில் கீழே வைத்து இறங்கினாள். என் முன்னால் வந்து நின்றாள்.

"உனுக்குப் போறதுக்கு எடமில்லன்னா என்னையும் உக்கார வெச்சிருவியாக்கா?"

கதவை மறைத்துக்கொண்டிருந்த நான் ஒதுங்கி நின்றேன்.

மகேஸ்வரி அவளைத் திட்டவில்லை. ஒரு நாற்காலியைக் காட்டி, "அரை மணி நேரம் இதுல உக்காரு. எழுந்திரிக்காத, காலை ஆட்டாத" என்றார். முட்டி ஆற வேண்டும் அல்லவா? அரை மணி கழித்து எழச் சொன்னபோது தனத்தால் காலை நேராக நீட்டவே முடியவில்லை. பலகை மேல் கால் பங்கு கூட இறங்கவில்லை. கட்டைவிரலைச் சில்லுக்குக் கீழே வைத்ததும் அழுதுவிட்டாள். நான் படியிறங்கிவிட்டேன். அங்கே நிற்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

மறுநாள் எட்டு மணிக்கு நானே மகேஸ்வரிக்கு போன் செய்தேன். ஸ்கேன் எடுத்தார்களாம். டெண்டனில் ஒரு பகுதி கிழிந்திருக்கிறது. "மேல மேல குதிச்சிருந்தா முழுசா அறுந்திருக்கலாம் மேடம். அப்புறம் ஆபரேஷன்தான். இப்ப மாசக்கணக்கா ஆகும், ஆனா ஆடலாம்" என்றார். "செலக்சன்?" என்றேன். "அது போச்சு. வயசு வரம்புக்குள்ள இன்னும் ஒரு தடவை இருக்கு, அதை அவங்க நடத்தினா" என்றார்.

செலக்சன் நாள் எனக்கு மனப்பாடம். அன்று பகல் முழுவதும் ஒரு வரிகூட எழுதவில்லை.

அதற்குப் பிறகு வந்த காலைகளை என்னவென்று சொல்ல? எட்டு மணிக்குக் காபியோடு உட்காருவேன். போன் சும்மா இருக்கும். சைலண்டில் இருக்கிறதா என்று எடுத்துப் பார்ப்பேன், இல்லை. செவ்வாயும் வெள்ளியும் கோர்ட்டுக்குப் போகிறேன். அண்ணாநகர்க்காரர் நன்றாக ஆடுகிறார். யாராவது வராத அன்று எனக்கு முழு ஆட்டம், மற்ற நாட்களில் ஸ்கோர் எண்ணுகிறேன். என்னால் ஒருத்தியின் வேலை போனது, அல்லது கால் பிழைத்தது. இரண்டில் எது என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். கேட்பதற்கும் ஆள் இல்லை.

செலக்சன் முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலை எட்டு மணி. புது எண்ணிலிருந்து போன்.

"யக்கா. அஞ்சு."

"தனமா?" என்றேன்.

"மகேஸக்காதான் சொல்லிச்சு. தெனம் யார்னா ஒருத்தர்கிட்ட நம்பர் சொல்லணுமாம். தங்கிட்ட மட்டும் சொன்னா இனிமே நம்பாதாம்."

"வீட்டுல சொல்லலாமே?"

"வூட்ல சொன்னா அழுவாங்க. உங்கிட்ட பேசனா எனுக்கு கோவம் வரும். கோவத்துல பொய் வராது."

"இன்னும் கோவமா?"

"ம்" என்றாள். வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து கூப்பிடுகிறாள். "அஞ்சு." "அஞ்சு." ஒருநாள் "ஆறு, கடைல நின்னுக்கினே இருந்தேன்." போன வாரம் "நாலு." குட்மார்னிங் கிடையாது, எப்படி இருக்கிறாய் கிடையாது. பத்து விநாடிக்கு மேல் போகாது. நீட்டிக்க நானும் முயற்சி செய்வதில்லை. பெரிய எண் வந்தால்தான் பேச்சு நீளும் என்றால், இந்தப் பேச்சு நீளாமலே இருக்கட்டும்.

ஒரே ஒருமுறை, "உனுக்கு?" என்று கேட்டாள். "பூஜ்யம்" என்றேன். "அப்ப போய் ஆடு" என்றாள். அதுவும் கோபமாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிட மாட்டாள். சனிக்கிழமை அவளுக்கு முட்டிப் பயிற்சி கிடையாது, அதனால் ஞாயிறு காலையில் சொல்ல எண்ணும் கிடையாது.

இந்தப் பத்தி உங்கள் கைக்கு வருவது ஞாயிற்றுக்கிழமைதான். எழுந்ததும், வீட்டுக்கு வாங்கிப் போட்டிருக்கிற சரிவுப் பலகையில் ஒற்றைக்காலில் ஒருமுறை இறங்கி ஏறிப் பார்ப்பேன். முட்டி பூஜ்யமாகத்தான் இருக்கும்.

மற்றபடி... ஒரு ஆறு இருக்கும். இந்தத் தடவை பொய் இல்லை.